காலுக்கு கரண்ட் வைக்கலாம், சின்னம்மாவுக்கு ஷாக் கூடாதா?

கேள்வி: சார், நாங்கள் மண்டபம் பக்கம். அப்பாவுக்கு 64 வயது. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர், இப்போது மீன் வாடியில் கணக்குப் பார்க்கிறார். சுகர் வந்து 15 வருடம் ஆகிறது. பாதம் இரண்டும் ராத்திரியில் எரிகிறது, பகலில் மரத்துக் கிடக்கிறது. செருப்பு கழன்று போனால்கூடத் தெரியவில்லை. எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தில் ஒரு கம்பெனிக்காரர்கள் இலவச முகாம் போட்டார்கள். மிஷின் மேல் பாதத்தை வைத்தால் கரண்ட் ஏறும். அப்பா 10 நாளும் போனார். நல்லா தூக்கம் வருது என்கிறார். விலை 38,000 ரூபாய். சுகர், பக்கவாதம், மூட்டுவலி, நரம்புத் தளர்ச்சி எல்லாம் போய்விடும், மாத்திரையையும் மெதுவாக நிறுத்திவிடலாம் என்கிறார்கள். 'வலையில் வர்ற திருக்கை ஒண்ணு அடிச்சா கை மரத்துப்போகுமே, அதை வெச்சே அந்தக் காலத்துல வைத்தியம் பார்த்திருக்காங்க, 2,000 வருஷத்து வைத்தியம்' என்று சொன்னதும் அப்பா விழுந்துவிட்டார். சவூதியில் இருக்கும் தம்பி பணம் அனுப்புகிறேன் என்கிறான். 2,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

இன்னொன்று. சித்தப்பா இறந்த பிறகு சின்னம்மா யாரிடமும் பேசுவதில்லை. ஒரே இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இப்போது சோறு தண்ணீரும் இறங்கவில்லை. ஏர்வாடியில் கொஞ்ச நாள் தங்க வைத்தோம். அப்புறம் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். மாத்திரை கொடுத்துப் பார்த்த மனநல டாக்டர், ஷாக் ட்ரீட்மெண்ட் தேவை என்கிறார். வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதிகமாகச் சத்தம் போடுவது அப்பாதான். கரண்ட் உடம்புக்கு நல்லதா, கெட்டதா? நீங்களே சொல்லுங்கள்.

பதில்:

சகோதரி, கடிதத்தில் நீங்கள் கடைசியாக எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது. தண்ணீர்கூட இறங்காத ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு சம்மதமா இல்லையா என்று பேசிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. சின்னம்மாவை இன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிடுங்கள். குளுக்கோஸ் ஏறட்டும், ரத்தப் பரிசோதனை நடக்கட்டும். ஷாக் கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சை அங்கே டாக்டர் முன்னால் வைத்துக்கொள்ளலாம். நடுராத்திரியில் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.

இப்போது அப்பா. நான் இயன்முறை மருத்துவன், அதாவது பிசியோதெரபிஸ்ட். எங்கள் ஆட்கள் பாஷையில் சொன்னால் 'கரண்ட் வைக்கிறவர்'. என் அறையிலும் மிஷின்கள் இருக்கின்றன. அதனால் கரண்ட் வைத்தியமே பொய் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த விற்பனையாளர் சொன்ன மீன் கதைகூட உண்மைதான். பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். மீதியைக் கேட்டால் அப்பாவே முடிவெடுத்துவிடுவார்.

ரோமாபுரியில் கிளாடியஸ் பேரரசராக இருந்த காலத்தில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். கி.பி. 47 வாக்கில் அவர் எழுதிய மருந்துக் குறிப்புகளில் இந்த மீன் வைத்தியம் வருகிறது. கௌட் வலிக்கு, அதாவது இங்கே 'யூரிக் ஆசிட்' என்று சொல்கிறோமே அந்தக் கால்வலிக்கு, கரண்ட் அடிக்கிற கறுப்புத் திருக்கையை உயிரோடு காலடியில் போட்டு, அலை வந்து நனைக்கிற ஈரக் கரையில் நிற்க வேண்டும். பாதத்திலிருந்து முழங்கால் வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும். முந்தைய பேரரசர் திபேரியஸிடம் அடிமையாயிருந்து விடுதலையான அன்டெரோஸ் என்பவருக்கு இப்படித்தான் குணமானது என்று எழுதியிருக்கிறார். தலைவலிக்கும் அதே மீன்தான், வலிக்கிற இடத்தில் வைக்கச் சொல்கிறார். மின்சாரம் என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மரத்துப்போனால் வலி தெரியாது என்பது தெரியும். அதைச் செய்கிற மீன் எது என்பதும் தெரியும்.

உங்கள் அப்பாவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. வலையை உதறும்போது அந்தத் திருக்கையில் கை பட்டு முழங்கை வரை விறுவிறுத்துப்போன அனுபவம் இந்தக் கரையில் பல பேருக்கு உண்டு. நம் பக்கம் கிடைப்பவை சிறிய வகை, அடியும் சின்னது. அட்லாண்டிக்கில் இருக்கிற பெரிய வகை 200 வோல்ட் வரை அடிக்கும். நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். மீனின் அடி நொடிக்கும் குறைவான நேரம் விட்டு விட்டு வருவதால் ஆள் பிழைத்துக்கொள்கிறான். வீட்டு கரண்ட் அப்படி விடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கிரிபோனியஸ் மரத்துப்போக வைத்தது வலிக்கிற காலை. உங்கள் அப்பாவின் கால் ஏற்கெனவே மரத்துப் போயிருக்கிறது. அதுதானே அவருடைய வியாதி! மரத்த காலுக்கு மரத்துப்போக வைக்கிற வைத்தியத்தை உதாரணம் காட்டி விற்றிருக்கிறார்கள். பேச்சு சாமர்த்தியம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த மீனுக்கு இன்னொரு பெருமை உண்டு. விற்பனையாளருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1772இல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேயர் பிரான்சின் லா ரோஷெல் கடற்கரைக்குப் போய், மீனவர்களிடம் திருக்கை வாங்கிச் சோதனை செய்து, அதன் அடி மின்சாரம்தான் என்று காட்டினார். ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் அதை அறுத்துப் பார்த்து, உள்ளே வில்லைகள் அடுக்கடுக்காக இருப்பதை வரைந்து வைத்தார். 1800இல் இத்தாலியின் வோல்டா, துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை வைத்து உலகின் முதல் பேட்டரியைச் செய்தபோது, அதைச் செயற்கை மின்னுறுப்பு என்று அந்த மீனோடு ஒப்பிட்டுத்தான் எழுதினார். இன்று நம் செல்போனில் இருக்கிற பேட்டரியின் பரம்பரையில் ஒரு திருக்கையும் இருக்கிறது.

சரி, மின்சாரத்தைத் தெரிந்துகொண்ட பிறகு வைத்தியர்கள் சும்மா இருப்பார்களா? 1745, 46 வாக்கில் லெய்டன் ஜாடி என்ற கண்ணாடி ஜாடி வந்தது. தேய்த்து உண்டாக்கிய மின்சாரத்தைப் பிடித்துவைத்து, வேண்டும்போது ஒரே அடியாக வெளியே விடலாம். பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார் அரசரின் காவலர்கள் 180 பேரை வரிசையாகக் கைகோக்க வைத்து ஜாடியைத் தொட வைத்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். அரசருக்கு ரொம்ப சந்தோஷம். அதே நொல்லே பக்கவாதக்காரர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை. 1747 கடைசியில் ஜெனீவாவில் ஜல்லாபேர் என்பவர் கை விழுந்துபோன ஒரு பூட்டுத் தொழிலாளிக்குக் கொடுத்தபோது கையில் அசைவு திரும்பியதாகச் செய்தி பரவியது. அதற்கப்புறம் ஐரோப்பா முழுக்க இதே பேச்சு. மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பாதிரியார்கூட லண்டனில் ஏழைகளுக்கு மிஷின் வைத்து கரண்ட் கொடுத்தார், 1760இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த ஆள் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிதாங்கி கண்டுபிடித்தவரேதான். பென்சில்வேனியாவில் சுற்றுவட்டார மக்கள் பக்கவாதம் வந்தவர்களை இவர் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். இவரும் ஜாடியை வைத்து, விழுந்துபோன கை கால்களுக்கு அடி கொடுத்தார். 1757இல் லண்டனிலிருந்த மருத்துவர் ஜான் பிரிங்கிளுக்கு ஒரு கடிதம் எழுதினார். முதல் நாளே அந்தக் கையில் சூடு தெரிகிறது. மறுநாள் குறுகுறுப்பு வருகிறது, கொஞ்சம் அசைகிறது. ஐந்து நாள் வரை முன்னேற்றம் இருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஆட்கள் மனம் தளர்ந்து ஊருக்குப் போகிறார்கள், பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். நிலையான குணம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இதுதான் அவர் எழுதியதன் சாரம். இதற்கு மேலும் ஒரு கேள்வியை அவரே கேட்டுக்கொண்டார்: அந்த ஐந்து நாள் முன்னேற்றம் கரண்டால் வந்ததா, அல்லது தினமும் என் வீட்டுக்கு நடந்து வந்த உடற்பயிற்சியாலும் குணமாகிவிடும் என்ற நம்பிக்கையாலும் வந்ததா?

இந்த இடத்தை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். கல்யாண மண்டபத்துக்குத் தினமும் நடந்து போயிருக்கிறார். வயசுக்காரர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். யாரோ ஒருவர் 'ஐயா, இன்னிக்கு எப்படி இருக்கு' என்று கேட்டிருக்கிறார். தூக்கம் வந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, தூக்கம் வந்தது நிஜம்தான். அது மிஷினிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி. 260 வருஷத்துக்கு முன்னால் தன் கையால் கரண்ட் கொடுத்த ஆளே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டார். முகாம் 10 நாளோடு முடிந்துவிடுவதையும் யோசித்துப் பாருங்கள். ஆறாவது மாதம் எப்படி இருக்கிறது என்று கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் தொழிலின் பூர்வீகமும் இந்தக் கதையில்தான் இருக்கிறது. 1831இல் பாரடே, காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டார். அந்த வகை கரண்டை எடுத்துக்கொண்டு பிரான்சின் துஷேன் என்ற மருத்துவர், ஈரமாக்கிய முனைகளைத் தோல்மேல் வைத்து, தோலைக் கிழிக்காமல் கீழே இருக்கும் ஒரே ஒரு தசையை மட்டும் சுருங்க வைத்தார். அவருக்கு முன்னால் ஊசி குத்தித்தான் உள்ளே செலுத்தினார்கள். துஷேனின் புத்தகம் 1855இல் வந்தது. எந்தத் தசை என்ன வேலை செய்கிறது, எந்த நரம்பு செத்துவிட்டது, எது பிழைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர் கரண்டைப் பயன்படுத்தினார். குணமாக்குவதைவிடக் கண்டுபிடிப்பதற்குத்தான் அது அதிகம் உதவியது. இன்றும் நாங்கள் பஞ்சை நனைத்தோ ஜெல் தடவியோதான் பேடு வைக்கிறோம். மிஷினில் 'பாரடிக்' என்று ஒரு திருகு இருக்கும், அந்தப் பாரடேயின் பெயர்தான்.

அதே நூற்றாண்டில் உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்து ஆட்களுக்கும் முன்னோர்கள் உண்டு. கரண்ட் பெல்ட்! இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இடுப்பில் கட்டிக்கொள்கிற மின்சாரப் பெல்ட்டுகள் சக்கைப்போடு போட்டன. முதுகுவலி, நரம்புத் தளர்ச்சி, அஜீரணம், ஆண்மைக்குறைவு என்று விளம்பரத்தில் ஒரு வியாதியையும் விடவில்லை. தபாலில் பொருள் விற்ற பெரிய கம்பெனிகளின் கேட்லாக்கிலேயே அவை இருந்தன. சிலவற்றை வினிகரில் நனைத்துக் கட்ட வேண்டும், உடம்பில் சுருக்கென்று ஏதோ ஏறுவது தெரியும். தெரிந்ததால் நம்பினார்கள். உங்கள் அப்பா உட்கார்ந்த மிஷினிலும் அதேதான். கெண்டைக்கால் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஏதோ நடக்கிறது என்று மனசு முடிவு செய்துவிடுகிறது.

என்னதான் நடக்கிறது? கெண்டைத் தசை சுருங்கி விரிந்தால் காலில் தேங்கிய ரத்தம் கொஞ்சம் மேலே போகும். நடந்தாலும் அதுதான் நடக்கும், அதற்குக் காசு கிடையாது. வலி விஷயத்தில் கரண்டுக்கு இன்னொரு நியாயமான வேலை இருக்கிறது. இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்தால் வலி குறைகிறதல்லவா? தொடு உணர்வு முதுகுத்தண்டுக்குள் போகும்போது வலிச் செய்தியின் வழியை ஓரளவு அடைக்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். அதை வைத்துத்தான் 'டென்ஸ்' என்ற சின்னப் பெட்டி வந்தது. மூட்டுவலிக்காரர்களுக்கு நானும் வைக்கிறேன். வைத்திருக்கிறவரை சுகம், எடுத்த பிறகு கொஞ்ச நேரம் சுகம். அந்தச் சுகத்தைப் பயன்படுத்தி ஆளை எழுப்பி நடக்க வைப்பதும் தசையைப் பலப்படுத்துவதும்தான் உண்மையான வைத்தியம். ஆனால் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பினால் 'இன்னிக்கு கரண்ட் வைக்கலையே' என்று கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் இரண்டு கையை விட அந்தப் பெட்டி மேல் மரியாதை அதிகம்.

சுகரைக் குறைக்கிற கரண்ட் என்று அந்த மிஷினில் ஒன்றும் இல்லை. சர்க்கரையால் கெட்ட நரம்பை அது மறுபடி முளைக்க வைக்காது. மாத்திரையை நிறுத்தலாம் என்று சொன்னார்களே, அதுதான் இந்தக் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி. நிறுத்தினால் காலோடு போகாது. கண், சிறுநீரகம், இதயம் என்று பாதிப்பு நீண்டுகொண்டே போகும். சர்க்கரை, பக்கவாதம் உட்பட ஒரு பட்டியல் வியாதிகளைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. மருந்துக்கும் மாய வைத்தியத்துக்கும் சேர்த்துப் போட்ட சட்டம் அது.

மரத்த காலில் கரண்ட் வைப்பதற்கு வேறொரு ஆபத்தும் உண்டு. சுருக்கென்று தெரியும்போது 'போதும்' என்று நோயாளி சொல்வார், அதை வைத்துத்தான் நாங்கள் அளவைக் கூட்டிக் குறைக்கிறோம். உங்கள் அப்பாவால் அதைச் சொல்ல முடியாது. இந்த வகை மிஷின்கள் பலவற்றில் சூடும் சேர்ந்து வரும். தோல் வெந்தாலும் மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். இதயத் துடிப்பைச் சீராக்க பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தக்கட்டி இருப்பவர்கள், புண் இருப்பவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. முகாமில் வரிசையில் உட்கார வைப்பதற்கு முன் இதையெல்லாம் யாராவது கேட்டார்களா என்று அப்பாவிடம் விசாரியுங்கள்.

இனி சின்னம்மாவுக்கு வருகிறேன். மனநலம் என் துறை கிடையாது, கொடுக்கலாமா என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சிகிச்சையின் கதையை மட்டும் நான் சொல்லலாம். உங்கள் வீட்டில் இருக்கிற பயம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

1938 ஏப்ரலில், மறுபடியும் ரோமாபுரியில்தான், செர்லெட்டி, பீனி என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முதன்முதலில் ஒரு மனிதருக்குக் கொடுத்தார்கள். ரயில் நிலையத்தில் நிலைதெரியாமல் திரிந்துகொண்டிருந்தவர், போலீஸ் கொண்டுவந்து விட்டது. வலிப்பு வந்தால் சில மனநோய்கள் தணிகின்றன என்ற எண்ணம் அப்போது இருந்தது. ஹங்கேரியில் மெதுனா என்பவர் 1934இல் கற்பூரம் கலந்த ஊசி போட்டு வலிப்பை வரவழைத்தார். மருந்தைவிட கரண்ட் சீக்கிரம் வேலை செய்யும், அளவும் கைக்குள் இருக்கும் என்று ரோமாபுரிக்காரர்கள் யோசித்தார்கள். தலையில் கரண்ட் வைத்தால் ஆள் செத்துவிடுவானோ என்ற சந்தேகத்தை எங்கே போய்த் தீர்த்துக்கொண்டார்கள் தெரியுமா? ஊர்க் கசாப்புக்கூடத்தில். அங்கே பன்றிகளை வெட்டும் முன் கரண்ட் வைத்து மயக்குவார்கள். பன்றி வலிப்பில் விழுந்ததே தவிர சாகவில்லை. கேட்கவே என்னவோபோல இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

ஆரம்ப வருடங்களில் மயக்க மருந்து இல்லாமலே கொடுத்தார்கள். வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்திருக்கிறது. பல நாடுகளில் அடங்காத நோயாளிகளை மிரட்டவும் தண்டிக்கவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சினிமாவில் நாம் பார்ப்பதெல்லாம் அந்தக் காலத்து முறை: நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, ஆள் துடிக்க, முகம் கோணிப்போக. உங்கள் அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பழைய காலத்து விஷயத்துக்கு இன்று கோபப்படுகிறார், அவ்வளவுதான்.

1950களில் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் ஊசியும் சேர்ந்த பிறகு இது வேறு சிகிச்சையாகிவிட்டது. நோயாளி தூங்கிவிடுவார். கரண்ட் ஓடுவது சில நொடி. மூளைக்குள் வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். வெளியே பார்த்தால் கால்விரல் லேசாக அசைவது மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மொத்தம் 6 முதல் 12 வரை என்பது வழக்கமான கணக்கு. பேசாமல், சாப்பிடாமல், ஒரே இடத்தைப் பார்த்தபடி உறைந்துபோகிற நிலைக்கு மருத்துவத்தில் கேட்டடோனியா என்று பெயர். சின்னம்மாவுக்கு அதுதானா என்று நான் கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நிலைக்கும், உயிருக்கு ஆபத்தான அளவுக்குப் போன மனச்சோர்வுக்கும், இன்று இருக்கிற சிகிச்சைகளில் வேகமாகவும் வலுவாகவும் வேலை செய்வது இதுதான். மாத்திரை பலன் காட்ட வாரக்கணக்காகும். சாப்பிடாத உடம்பு அத்தனை நாள் தாங்காது.

பக்கவிளைவு இல்லையா என்றால், இருக்கிறது. எழுந்ததும் தலைவலி, கொஞ்ச நேரக் குழப்பம் வரும். சிகிச்சை நடந்த வாரங்களின் நினைவில் ஓட்டை விழும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும், சிலருக்குச் சில நினைவுகள் திரும்பாமலும் போகும். மயக்க மருந்துக்கென்று உள்ள ஆபத்தும் உண்டு, அதனால்தான் முன்கூட்டியே ஈசிஜி எல்லாம் எடுக்கிறார்கள். இதையெல்லாம் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

ஏர்வாடியில் தங்க வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லா மதத்துக்காரர்களும் போகிற தர்கா. துவா என்ற பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு அங்கேயே இருக்கிறது. ஆனால் இந்தக் கரையில் இருக்கிற நாம் 2001 ஆகஸ்ட் 6ஐ மறக்க முடியாது. அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவில் இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. மயக்க மருந்தும் தசைத்தளர்ச்சி மருந்தும் இல்லாமல் ஷாக் கொடுக்கக் கூடாது. அப்பா எதைப் பார்த்துப் பயப்படுகிறாரோ அதை நம் நாட்டுச் சட்டமே தடுத்துவிட்டது. டாக்டர் கேட்பது அந்தப் பழைய ஷாக் இல்லை.

ஆக உங்கள் வீட்டில் தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கிறது. எதற்கு, எவ்வளவு, எங்கே என்று யாரும் கேட்காத கரண்டுக்கு 38,000 ரூபாய் தயார். இதெல்லாம் அளந்து, சோதித்து, சட்டமும் போட்டு வைத்திருக்கிற கரண்டுக்குச் சம்மதம் இல்லை.

நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நரம்பு, தசை, இதயம், மூளை இவையெல்லாம் தாமே சின்ன அளவு மின்சாரத்தில் ஓடுபவை. அங்கே கோளாறு மின்சாரத்திலேயே இருக்கும்போது, சரியான இடத்தில் சரியான அளவு கொடுத்தால் அற்புதம் நடக்கிறது. 1947இல் அமெரிக்காவில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர், ஆபரேஷன் மேசையில் இதயம் நின்றுபோன 14 வயதுப் பையனின் இதயத்தில் நேரடியாக ஷாக் கொடுத்து மீட்டார். 1958 அக்டோபரில் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடம்புக்குள் வைக்கிற முதல் பேஸ்மேக்கரை வைத்தார்கள். அது சில மணி நேரம்தான் ஓடியது. மாற்றி மாற்றி வைத்து அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். சர்க்கரை மின்சாரக் கோளாறு இல்லை. அதனால் அது கரண்டுக்குக் கட்டுப்படாது.

அப்பாவின் காலுக்குச் செய்ய வேண்டியது இதுதான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாதத்தைக் காட்டுங்கள். நைலான் இழையால் தொட்டுப் பார்த்து எந்த இடத்தில் உணர்வு போயிருக்கிறது என்று குறித்துத் தருவார்கள். மூன்று மாத சராசரிச் சர்க்கரையான ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று பார்க்கட்டும். அப்பா வருடக்கணக்காக மெட்பார்மின் சாப்பிட்டிருந்தால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கும், பி12 குறைந்தாலும் கால் மரக்கும், எரியும். குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யலாம். ராத்திரி எரிச்சலுக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் பார்த்து எழுதுவார்.

வாடிக்கு வெறுங்காலோடு போகிற பழக்கத்தை இன்றே விடச் சொல்லுங்கள். மத்தியான நேரத்து மணலில் உணர்வில்லாத கால் வெந்துபோகும். சிப்பி கிழித்தாலும் கெளுத்தி முள் ஏறினாலும் தெரியாது. பின்பக்கம் பட்டை வைத்த, கழன்று விழாத செருப்பு வேண்டும். தினமும் ராத்திரி உள்ளங்காலை நீங்கள் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. வெந்நீரில் கால் வைப்பதற்கு முன் தண்ணீரை நீங்கள் தொட்டுப் பாருங்கள். புண் இல்லையென்றால் சாயங்காலம் நடக்கட்டும். கல்யாண மண்டபத்துக்குப் போன அதே நாலு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தால் தூக்கம் அதே மாதிரி வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், தேவைப்பட்டால் என்னைப் போன்ற ஆளும் வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லித் தருவார். ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக அந்த 2,000 ரூபாய். ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள். போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தலாம் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தால் அதில் ஒரு பிரதி கட்டாயம் எடுத்து வையுங்கள், பேச்சில் வலு கூடும். முதலில் அவர்களிடம் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிப் பணத்தைக் கேளுங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தம்பி இந்த மாதம் அனுப்பும் பணத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். சின்னம்மாவோடு ஆஸ்பத்திரியில் ஒருவர் தங்க வேண்டியிருக்கும், வேலைக்குப் போக முடியாது, அதற்கு ஆகும்.